வெளிப்பூட்டு

"இனிமே வெளியில பூட்டு போடக் கூடாது வாப்பா."

பரீஹா கேட்டேவிட்டாள். உம்மா மதீனா பீவி சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லிவைத்த எச்சரிக்கை ஒன்றுதான். வாப்பாவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். காலேஜுக்குப் போகிறேன் என்று கேட்கலாம், வேலைக்குப் போகிறேன் என்று கேட்கலாம், பேசிவந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். கார்கானாப் பூட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அவள் காலேஜும் கேட்டாள், வேலையும் கேட்டாள், மாப்பிள்ளையையும் வேண்டாமென்றாள். எல்லாம் கிடைத்தது. அதனாலேயே பூட்டைப் பற்றிப் பேசாமல் இத்தனை வருசத்தை ஓட்டிவிட்டாள்.

ஜெயினுலாப்தீன் தலை நிமிரவில்லை. புதுப் பூட்டை அட்டைப் பெட்டியிலிருந்து உருவி, சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபுஹுத் தொழுகை முடிந்து வரும் வழியில் கடைக்காரனை வீட்டில் போய் எழுப்பி வாங்கி வந்த பூட்டு. பழையது உடைந்து ஒரு நாள்கூட ஆகவில்லை.

"சாயாவக் குடி. ஆறிப் போவுது."

"நான் என்ன சொல்லுதேன், நீங்க என்ன சொல்லுதீங்க?"

"கேட்டுச்சு. காது நல்லாத்தான் கேக்கு."

"அப்ப பதில் சொல்லுங்க."

"உம்மாக்குக் காய்ச்ச அடிக்கி. இன்னைக்கு நீ பூட்டிட்டு ஆபீஸுக்குப் போ. மத்தியானத்துக்குள்ள அவளுக்குக் கொறஞ்சிரும். எறங்கி வந்து தொறந்து விடுவா."

மூலையில் போர்வைக்குள்ளிருந்து மதீனா பீவி முனகினாள். "ஏளா, வாய மூடிட்டுப் போ. அவியகிட்ட அதப் பேசாத."

கீழே கல்லிச் சந்தில் நேற்றைய வெள்ளம் வடிந்து சேறு நின்றது. யாரோ வாளியால் கோரிக் கோரி எதிர்வீட்டுப் பக்கம் ஊற்ற, எதிர்வீட்டுக்காரி மராத்தியில் அவன் பரம்பரையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஒற்றை அறை வீடு. கீழே தோல் பைகள் தைக்கும் கார்கானா. நடுவில் ஒரு இரும்பு ஏணிப்படி. இரண்டும் செம்பூரில் இருக்கும் சேட்டுக்குச் சொந்தம். ஜெயினுலாப்தீன் மீசை முளைப்பதற்கு முன்பே கடையநல்லூரிலிருந்து ரயிலேறி வந்தவர். முதலில் தோல் ஷாப்பில் உப்பு அள்ளினார். உள்ளங்கைத் தோல் உரிந்து உரிந்து முளைத்தது. பிறகு வெட்ட வந்தார், ஒட்ட வந்தார், தைக்க வந்தார். இப்போது கார்கானாவுக்கு மேஸ்திரி. சேட்டின் அப்பா காலத்திலிருந்து இந்தக் காலம் வரை கைப்பையும் பர்ஸும் பெல்ட்டும் அவர் கைப்பட்டுத்தான் வெளியே போகின்றன. பையில் வேறு யாருடைய பெயரோ இருக்கும். மூக்கில் எப்போதும் தோல் ஒட்டும் சொல்யூஷன் பசையின் வாடை. சோறு தின்னும்போதும் அதே வாடைதான் அடிக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இரண்டு வருசமாகக் கால் விரல்களில் உணர்ச்சி குறைவு. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்து போவார். பசையிலிருந்து எழும் ஆவியால்தான் அப்படி என்று சயன் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது, "அதாலதான் பொழப்பு ஓடுது டாக்டர்," என்று சொல்லிவிட்டு வந்தவர்.

பூட்டு விஷயம் இதுதான். தினமும் காலையில் அவரும் சாஹில் உட்பட மூன்று வேலைக்காரர்களும் உள்ளே போய் ஷட்டரை இறக்குவார்கள். மதீனா பீவி வெளியே வந்து ஷட்டரின் வளையத்தையும் தரையில் பதித்த வளையத்தையும் சேர்த்துப் பூட்டுவாள். சாவி அவள் கழுத்துக் கருகமணியில் தொங்கும். மத்தியானம் சோற்றுக்குத் திறப்பாள். திரும்பப் பூட்டுவாள். அசர் தொழுகைக்குப் பிறகு திறப்பாள். பின்பக்கம் சாக்கடை நாலாவைப் பார்த்த கம்பி வலை ஒன்றும் ஒரு ஃபேனும் தவிர உள்ளே காற்றுக்கு வழியில்லை. வேலை நேரத்தில் போன்களை அணைத்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வெளியிலிருந்து யார் தட்டினாலும் பதில் கொடுக்கக் கூடாது. மிஷினை நிறுத்திவிட்டு, தட்டுகிறவர் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மதீனா பீவி தட்ட மாட்டாள், நேராகத் திறப்பாள். ஆகவே தட்டுகிற எவரும் வேண்டாதவர்.

இதைச் சொல்லிக்கொடுத்தது தொண்ணூற்று மூன்று சனவரிக் கலவரம். பரீஹா பிறக்கவில்லை, மதீனா பீவி அப்போது ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஜெயினுலாப்தீனும் கூட வேலை செய்தவர்களும் கார்கானாவுக்குள் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் இட்லி போட்டு விற்கும் பூதத்தான் அவர்களை உள்ளே வைத்து வெளியில் பூட்டினார். பூட்டிவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கும்பல் வந்தது. பூட்டைப் பார்த்தது. "எல்லாவனும் ஊருக்கு ஓடிட்டானுவ," என்று பூதத்தான் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னார். அவர்கள் ஷட்டரைத் தட்டினார்கள், உதைத்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். உள்ளே ஒருவரும் மூச்சு விடவில்லை. கும்பல் போய்விட்டது. எதிர்வரிசையில் திறந்து கிடந்த கார்கானா எரிந்தது.

கலவரம் அடங்கியது. கல்லியில் எல்லோரும் ஷட்டரைத் திறந்துவைத்து வேலையைத் தொடங்கினார்கள். ஜெயினுலாப்தீன் மட்டும் திறக்கவில்லை. திறந்த வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போனது. கல்யாணமாகி மறு வாரமே புதுப் பெண்டாட்டி கையில் சாவியைக் கொடுத்தார். சேட்டுக்கு இது இனிக்கத்தான் செய்தது. வெளியில் பூட்டுத் தொங்கினால் சோதனைக்கு வருகிற அதிகாரி அப்படியே நடந்து போய்விடுவான். ஒருவர் பயத்தில் இன்னொருவர் சொகுசு. இதைப் புரிந்துகொள்ள பரீஹாவுக்குப் பட்டம் தேவைப்படவில்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்ல, நேற்று நடந்தது தேவைப்பட்டது.

நேற்று விடியும்போதே மழை. மதீனா பீவி பூட்டிவிட்டு மாஹிமில் இருக்கும் தங்கச்சி அஸ்ரினுக்கு மீன் கொழம்பு எடுத்துக்கொண்டு போனாள். சோற்று நேரத்துக்குள் வந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். மழை பிடித்தது பிடித்தபடி விடவில்லை. ரயில் நின்றது, பஸ் நின்றது. கிங்ஸ் சர்க்கிளில் பரீஹா வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸில் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே தண்ணீர் இடுப்பளவு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நடுரோட்டுத் தடுப்பைத் தடவித் தடவி நடந்தாள். உம்மாவிடமிருந்து போன் வந்தது. "ஏளா, நான் இங்கயே மாட்டிக்கிட்டேன். சாவி எங்கிட்ட. அவியள்லாம் உள்ள," என்று சொன்னவள் மேற்கொண்டு பேச முடியாமல் அழுதாள்.

கல்லிக்குள் நுழையும்போது தண்ணீர் முழங்காலுக்கு மேல். நாலா ஏறிவிட்டிருந்தது. ஷட்டரின் அடிப்பாகம் தண்ணீருக்குள் இருந்தது. பூட்டு கண்ணுக்கே தெரியவில்லை. கையை விட்டுத் தடவித்தான் கண்டுபிடித்தாள். சொல்யூஷன் வாடை ஷட்டர் இடுக்கு வழியாக வெளியே குப்பென்று அடித்தது. அத்தனை காட்டமாக அவள் ஒரு நாளும் முகர்ந்ததில்லை.

தட்டினாள். உள்ளே சலசலவென்று கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு சத்தம் சட்டென்று நின்றது.

"வாப்பா! நான்தான்! பரீஹா!"

பதில் இல்லை.

"வாப்பா! சாஹிலண்ணே! யாராவது பேசுங்க!"

மழை தகரக் கூரையில் கொட்டியது. உள்ளே ஒன்றுமே இல்லை. இருமல்கூட இல்லை. செத்துவிட்டார்களா, வாப்பா போட்ட சட்டப்படி சும்மா இருக்கிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் சத்தம் ஒன்றாகத்தான் இருந்தது. தன்னுடைய வீட்டுக் கதவில் நின்றுகொண்டு, தன்னைப் பெற்றவரிடம் தான் யார் என்று நிரூபிக்க வழியில்லாமல் இரண்டு கையாலும் அறைந்தாள். அறைய அறைய உள்ளே இன்னும் அமைதி கெட்டிப்பட்டது. அதுவும் அவளுக்குத் தெரிந்தது. அறையாமல் இருக்கவும் முடியவில்லை.

பூதத்தான் வீட்டுப் பலகைமேல் மாவுச் சட்டிகளை ஏற்றி வைத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்கவில்லை. கடப்பாரையோடு இறங்கினார். எழுபது வயதுக்காரர். தண்ணீருக்குள் குனிந்து, மூச்சு வாங்கி, கெட்ட வார்த்தை ஒவ்வொன்றாகச் சொல்லி நெம்பினார். பூட்டுக் காது பிய்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஷட்டரைத் தூக்கினார்கள்.

உள்ளே இருட்டு. மெயின் ஸ்விட்சை அணைத்திருந்தார்கள், அந்த மட்டுக்கும் நல்லது. சொல்யூஷன் டின் கவிழ்ந்து, தண்ணீர்மேல் பசை படலமாக மிதந்தது. தோல் வெட்டும் மேசைமேல் நான்கு பேர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெயினுலாப்தீனின் ஒரு கையில் தோல் வெட்டுகிற கத்தி. இன்னொரு கை சாஹிலின் வாயைப் பொத்தியிருந்தது. சாஹிலின் கண் மேலே செருகியிருந்தது. வெளிச்சம் பட்டதும் ஜெயினுலாப்தீன் கத்தியை ஓங்கினார்.

மகளை அடையாளம் தெரிய அவருக்கு ஒரு கணம் ஆனது. அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தைப் பரீஹா பார்த்தாள். இரவெல்லாம் அவள் தூங்காததற்குக் காரணம் வெள்ளமும் இல்லை, சாஹிலும் இல்லை.

சாஹிலைத் தூக்கிக்கொண்டு போய் கிளினிக்கில் போட்டு ஆக்ஸிஜன் வைத்ததும் தெளிந்துவிட்டான். மதீனா பீவி பொழுது சாய நனைந்து வந்து சேர்ந்து, காய்ச்சலோடு படுத்தாள். காலையில் வாப்பா புதுப் பூட்டு வாங்கி வந்திருந்தார்.

"சாஹிலண்ணன் வாயில உங்க கை இருந்துச்சு வாப்பா."

"அவன் சத்தம் போடப் பாத்தான்."

"மூச்சு விடப் பாத்தாரு!"

ஜெயினுலாப்தீன் பூட்டைக் கீழே வைத்தார். கண்ணாடிக் கிளாஸை எடுத்தார், வைத்தார்.

"எனக்குத் தெரியாமயா இருக்கும்? இன்னும் கொஞ்ச நேரத்துல தண்ணி வடியும், ஒங்க உம்மா வருவான்னு இருந்தேன்."

"வந்தது நானு. வாப்பா வாப்பான்னு தொண்ட கிழியக் கத்துனேன். என் கொரல் ஒங்களுக்குத் தெரியலயா?"

மூலையில் போர்வை அசைந்தது.

"சொல்லுங்க. தெரியலயா?"

"தெரிஞ்சுது."

பரீஹா அதை எதிர்பார்க்கவில்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்பார், வேறு யாரோ என்று நினைத்தேன் என்பார் என்றுதான் இரவு முழுக்கத் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சும்..."

"ஒன்னப் பிடிச்சு வச்சுக்கிட்டு கூப்பிடச் சொல்லுதானுவளோன்னு நெனச்சேன்."

"யாரு?"

"அவனுவ."

"எவனுவ வாப்பா? வெளிய மழ. வெளிய தண்ணி. பூதத்தான் மாமா மாவுச் சட்டிய ஏத்திட்டு இருக்காரு. எவனுவ?"

"ஒனக்குத் தெரியாதுளா. நீ பாக்கல."

"சரி, அப்படியே இருக்கட்டும். என்னப் பிடிச்சு வச்சிருக்கானுவன்னு நெனச்சீங்கல்லா? அப்ப என்ன செஞ்சீங்க?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். விரல்களில் பசை காய்ந்து கறுத்திருந்தது.

"எந்திரிச்சேன். தண்ணிக்குள்ள எறங்கி ஷட்டர் வரைக்கும் வந்தேன். கைய வச்சேன். நீ தட்டுத, எனக்குக் கையில அதிருது. தூக்கலாம்னு பாத்தேன்." நிறுத்தினார். "வெளிய பூட்டு. அப்பறம் திரும்பிப் போய் மேசையில உக்காந்துட்டேன். உள்ள மூணு பேரு இருந்தானுவ இல்லா. அவனுவளயாவது..."

மதீனா பீவி போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கருகமணியைக் கையில் பிடித்திருந்தாள்.

"மவ வெளிய சாவுதான்னு நெனச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருந்தீங்களாக்கும்," என்றாள். சத்தம் போடவில்லை. அவள் அவரிடம் அப்படிக் கேட்டு பரீஹா பார்த்ததில்லை.

"நான் என்ன செய்யணும்னு சொல்லுத, மதீனா? சொல்லு."

"இன்னொரு பூட்டு வாங்கியாந்திருக்கீங்க."

"ஆமா."

"அதான் கேக்கேன்."

"பூட்டு இல்லன்னா என்னால அங்க உக்கார முடியாது. முடியாதுன்னா முடியாது. பிடரி கூசுது. எல்லாவனும் சிரிப்பான், சிரிக்கட்டும். நான் உக்காந்தாத்தான் வேல நடக்கும். வேல நடந்தாத்தான் இந்த ரூம்ல இருக்கலாம். வேற எடம் எங்க இருக்கு நமக்கு?"

ஏணிப்படியில் காலடிச் சத்தம். பூதத்தான் ஒரு தூக்குவாளியோடு தலையை நீட்டினார்.

"ஜெயினு, மாவு பூரா நேத்து வெள்ளத் தண்ணி குடிச்சிட்டு. மிச்சத்துல ஊத்துனது, கல்லு மாதிரி இருக்கும். பல்லு இருந்தா தின்னு." பூட்டைப் பார்த்தார். "லே, இது என்னது?"

"பூட்டு."

"எனக்குக் கண்ணு தெரியும். எதுக்குன்னு கேக்கேன். என் இடுப்புப் பிடிச்சுப் போய் நிக்கேன், நீ மறுபடியும் வாங்கியாந்திருக்க?"

"ஒன்னயப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். மொதல்ல நீதான் பூட்டுன."

"பூட்டுனேன். நாலு நாளைக்குப் பூட்டுனேன். தொறந்தும் விட்டேன்லா? நீ வெளிய வரல, அதுக்கு நான் என்ன செய்ய?" பரீஹாவைப் பார்த்தார். "ஏட்டி, நானும் சொல்லிப் பாத்துட்டேன். ஒங்கப்பன் என்ன விட மரமண்ட."

"நீங்க சேட்டுகிட்டச் சொல்லுங்க மாமா."

"சேட்டு ஏன் கேப்பான்? அவனுக்கு இதுதான் வசதி. வேற எவனாவது பெரிய எடத்துலேருந்து வந்து நாலு வார்த்த கேட்டாத்தான் அவன் கேப்பான்."

"அது மட்டும் வேண்டாம்," என்றார் ஜெயினுலாப்தீன். "ஆபீஸர் எவனும் இங்க வந்து தட்டக் கூடாது. வந்தா கார்கானாவ சீல் வப்பான். மேல நம்மளும்தான் காலி பண்ணணும். அதுக்காக மட்டும் சொல்லல. தட்டக் கூடாது. அவ்வளவுதான்."

பரீஹா எழுந்தாள். துப்பட்டாவை எடுத்துப் போட்டாள். சாயாவைக் குடிக்கவில்லை.

கீழே வேலைக்காரர்கள் வந்துவிட்டார்கள். சேற்றை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சாஹிலும் வந்திருந்தான். போன பெருநாளைக்குத்தான் கல்யாணமானவன். கீழ் உதடு வீங்கியிருந்தது.

"சாஹிலண்ணே, இன்னைக்கும் உள்ள போறீங்களா?"

"போவாம? வூட்ல உக்காந்தா பீவி துரத்திடுவா." சிரிக்கப் பார்த்தான், உதடு வலித்தது. "டென்ஷன் நக்கோ, வேணாம் பரீஹா. மேஸ்திரி என்னக் கொல்ல மாட்டாரு. அவரு கைய அழுத்துறப்ப ரோயிட்டே இருந்தாரு. கண்ணுத் தண்ணி பூரா என் மேலத்தான் வுழுந்துச்சு."

"அழுதுக்கிட்டே வாயப் பொத்துனாரு. அதுல என்ன நிம்மதி?"

சாஹில் துடைப்பத்தை எடுத்தான்.

ஜெயினுலாப்தீன் ஏணியில் இறங்கி வந்தார். ஒவ்வொரு படியிலும் கால் பதிந்ததா என்று குனிந்து பார்த்துத்தான் அடுத்த காலை வைத்தார். பூட்டையும் சாவியையும் மகள் கையில் கொடுத்தார்.

"நல்லா இழுத்துப் பாரு. புதுசுல்லா, சில சமயம் பிடிக்காது."

"வாப்பா, ஒரு தடவ. இன்னைக்கு ஒரு நாள் பூட்டாம இருந்து பாருங்க. நான் லீவு போட்டுட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். மாமாவும் இருப்பாரு. ஒருத்தனும் உள்ள வர மாட்டான்."

அவர் அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். அவர் முயன்றதைப் பரீஹா பார்த்தாள். வாசலுக்கு முதுகு காட்டி மிஷின் முன் உட்கார்ந்து பார்த்தார். வெளிச்சம் அவர் முதுகில் விழுந்தது. கால் மிதிகட்டையில். கல்லியில் யாரோ சைக்கிளைக் கீழே போட்டான். ஜெயினுலாப்தீனின் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். அறுபது வயது மனுசர், வேலைக்காரர்கள் முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி.

"முடியலளா," என்றார். "பூட்டு."

ஷட்டர் இறங்கியது.

பரீஹா சேற்றில் குந்தினாள். தரை வளையத்தை நேற்றே கடப்பாரை நெளித்திருந்தது. வாப்பா அதையும் அடித்துச் சரியாக்கி வைத்திருந்தார். பூட்டை ஷட்டர் வளையத்தில் மட்டும் மாட்டினாள். தரை வளையத்தை விட்டுவிட்டாள். தூக்கினால் ஷட்டர் எழும். அழுத்தினாள். டொக் என்று விழுந்தது. இழுத்துப் பார்த்தாள், அவர் காதில் விழும்படி.

"பூட்டிட்டியா?" உள்ளேயிருந்து, ஷட்டரை ஒட்டி, மெதுவாக.

"பூட்டிட்டேன் வாப்பா."

அவர் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடத் தொடங்கியது. நேராக, நிறுத்தாமல்.

பூதத்தான் தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆபீஸுக்குப் போகும் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டி, அந்தப் பக்கம் எங்க?"

"தீயணைப்பு ஆபீஸுக்கு. எழுதிக் குடுக்கப் போறேன்."

"அவனுவ வந்து தட்டுனா ஒங்கப்பன் உள்ள செத்தே போவான்."

"தட்ட விட மாட்டேன். கூடவே வருவேன். நானே ஷட்டரத் தூக்குவேன்."

"வீடு போயிரும்ட்டி."

"போகும்."

"அவன் ஒங்கிட்டப் பேச மாட்டான்."

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். வாப்பா வாழ்நாள் முழுக்க யாருக்குப் பயந்தாரோ அவர்களை அவளே போய்க் கூட்டிக்கொண்டு வரப் போகிறாள். வேறு விதமாக இதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை.

"நான் வர்ற வரைக்கும் யாரயும் தட்ட விடாதீங்க மாமா," என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தாள். கல்லி முனை வரைக்கும் மிஷின் சத்தம் கேட்டது. திரும்பியதும் கேட்கவில்லை. தூரத்தினாலா, யாராவது போய்த் தட்டிவிட்டார்களா என்று தெரியவில்லை. அவள் நிற்கவில்லை.